பத்து விழுக்காட்டுக்குக் கீழே

ஆடி மாதத்து வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. மழையாக இறங்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த மேகம் மேற்கே மலைப்பக்கம் திரண்டு நிற்க, மேல்காற்று பல்கலைக்கழக நூலகத்தின் சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போயிற்று. அந்த நேரத்தில்தான் நூலக எழுத்தர் பிச்சையா ஆவுடைத்தாயின் ஆய்வேட்டைக் கணினிக்குள் ஏற்றினார். இன்டர்நெட்டு மெதுவாக இழுப்பதாகவும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றும் சொல்லி, சுவரோரத்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் அந்த இயந்திரம் உலகத்தில் அச்சான எல்லாக் கட்டுரைகளோடும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை பங்கு பிறருடையது என்று சொல்லும். பத்துக்கு மேல் போனால் நூலகத்தில் கையெழுத்து கிடைக்காது. கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். இரண்டு முறை நீட்டித்து வாங்கிய பதிவு நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பதினோரு வருடம். நாற்பத்தேழு வயதில், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற ஒருத்தி, திரையில் சுற்றும் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வட்டம் சுற்றியது. அது எந்தப் பக்கத்தில் இருக்கும் இப்போது, முதல் அத்தியாயத்திலா, இல்லை எல்லாப் பக்கத்தையும் ஒரேயடியாக விழுங்கிவிடுமா, அதற்கு வரிசை உண்டா என்று அவள் யோசித்தாள். வரிசை இருந்தால் நூற்று நாற்பத்தொன்பதாம் பக்கத்துக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியம்தான் இரண்டு வாரமாக அவளுடைய தூக்கத்தில் முள்ளாகக் கிடக்கிறது. மற்றவை எல்லாம் எண்கள், அட்டவணைகள், கொசுப்புழுக்கள். கடலோரத்து வார்டு ஒன்றில் நூற்றிருபது வீடுகளின் சிமெண்டுத் தொட்டிகளில் நீண்ட கைப்பிடி வைத்த வெள்ளை அகப்பையால் தண்ணீரைக் கோரி, அதில் நெளிகிற புழுக்களை எண்ணி எழுதியவை. அந்த எண்கள் அவளுடையவை, அதில் சந்தேகமில்லை. அவளுடைய இடுப்புவலிக்கே அது தெரியும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் அந்த வார்டில் குழாயில் தண்ணீர் வரும். முட்டை கொசுவாகிப் பறப்பதற்கும் ஏறக்குறைய அதே ஒரு வாரம்தான். அடித்தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஜனங்கள் தொட்டியை முழுதாகக் காலி செய்வதில்லை. ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான். அதை விளக்குகிற இடத்தில், எண்களுக்கு நடுவே, அந்த ஆங்கில வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது: இந்த வார்டில் தொட்டியை எட்டிப் பார்க்கிற எவரும் அன்று என்ன கிழமை என்று சொல்லிவிட முடியும். அது அவளுடைய ஆங்கிலம் போல இல்லை. அவளுடைய ஆங்கிலம் கஞ்சி போட்டு விறைத்த சேலை. இந்த வாக்கியமோ நடந்து பழகிய கால் போல இருக்கிறது. அப்படியானால் இதை நடத்திப் பழக்கியது யார்?

கிரேஸ் டீச்சராக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார்கள். அவள் படித்த சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரை என்றால் உரைநூலில் இருப்பதைக் கமா பிசகாமல் மனப்பாடம் செய்து இறக்கி வைப்பது. பத்து மதிப்பெண் கட்டுரையில் ஒரு சொல் மாறினால் அரை மதிப்பெண் போகும். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை, மழைநாள் பற்றிய கட்டுரையில், உரைநூல் மழையை மகிழ்ச்சி என்று சொல்லியிருந்த இடத்தில் அவள் பயம் என்று எழுதிவிட்டாள். அந்த வருடம் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. டீச்சர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இது எங்கேயிருந்து வந்தது என்று வகுப்பின் முன்னால் கேட்டார்கள். எங்கேயிருந்து வந்தது. அன்றைக்குக் காது மடலில் ஏறிய சூடு இப்போதும், இந்த நாற்காலியில், மின்விசிறியின் கீழே, அதே இடத்தில் ஏறியது. அன்று தன் சொல்லை எழுதியதற்காக வட்டம். இன்று பிறர் சொல்லை எழுதியிருந்தால் வட்டம். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. பிச்சையாவின் மேசைமேல் பேனாக்கூட்டில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஒரு வேப்பமரம் காற்றுக்கு முழு உடம்பையும் கொடுத்துவிட்டு நின்றது.

நோட்டு மட்டும் இருந்தால் போதும், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அவர்கள் துறையில் அது ஒரு வழக்கம். ஆய்வில் சேருகிற ஒவ்வொருத்தியும் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்துக்கொள்வாள். படிக்கிற கட்டுரைகளில் அழகாக இருக்கிற வாக்கியங்களை அதில் எழுதிச் சேர்ப்பாள். தொடங்குவதற்கு உகந்தவை ஒரு பக்கம், மறுப்பதற்கு உகந்தவை ஒரு பக்கம், பணிவாக முடிப்பதற்கு உகந்தவை ஒரு பக்கம். முடித்துப் போகிறவள் அடுத்தவளுக்குக் கொடுப்பாள், அடுத்தவள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள். கோல நோட்டைப் போல. இந்தக் கோலம் யாருடையது என்று யாராவது எழுதி வைப்பார்களா? புள்ளி எத்தனை, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, அதுதானே கேள்வி. ஆவுடைத்தாய்க்குக் கையெழுத்து நன்றாக வரும். அவளுடைய நோட்டைத் துறையே கடன் வாங்கியது. கட்டுரையின் பெயர், ஆண்டு, பக்கம் என்று எதையும் அவள் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய கைடு அருணாசல பாண்டியன் சார்கூட, இங்கிலீஷ் நல்லா இருக்கும்மா என்று சொல்லி ஒவ்வொரு அத்தியாயத்தையும் தள்ளிவிட்டார். நல்லாத்தான் இருந்தது. அமெரிக்காவில், பிரேசிலில், கொழும்பில் இருக்கிற முப்பது நாற்பது பேர் மெனக்கெட்டு எழுதியது நன்றாக இல்லாமல் எப்படிப் போகும்?

அதைச் சொல்லிக் காட்டியது ஜெனிட்டா மச்சாது. முப்பத்தொரு வயது. கல்லூரியில் சனிக்கிழமை பிற்பகலில் ஆசிரியர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் வகுப்பு எடுப்பவள். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஆவுடைத்தாயின் விலங்கியல் வகுப்பில் சேர்ந்து, தவளையைக் கண்டதும் மயங்கி விழுந்து, மறுவாரமே ஆங்கில இலக்கியத்துக்கு ஓடிப்போனவள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் மேடம் என்று அழைத்துக்கொண்டார்கள். யார் யாருக்கு மாணவி என்பது அவ்வப்போது குழம்பியது. முதல் சனிக்கிழமை ஆவுடைத்தாய் கொண்டுபோன முன்னுரையை அவள் பென்சிலோடு படித்தாள். பதினோரு இடத்தில் ஓரத்தில் 'யாரு?' என்று எழுதினாள். தப்பு என்று எழுதவில்லை. யாரு என்று மட்டும். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, தவளையைப் பார்க்கிற மாதிரி இல்லாமல் மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

"மேடம், இந்தப் பத்தியில ஆறு பேரு பேசுதாங்க. எல்லாரும் நல்லாத்தான் பேசுதாங்க. அதுல நீங்கதான் இல்ல."

பக்கத்தில் இருந்த கணிதத் துறைக்காரர் சிரித்தார். அடுத்த வாரம் அவருடைய தாளில் ஒன்பது பேர் பேசியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஜெனிட்டாவின் முறை எளிமையானது, கொடுமையானது. எழுதிய தாளை மூடச் சொல்லுவாள். இதில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுவாள். சொன்னதை அப்படியே, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதச் சொல்லுவாள். அடுத்தவரிடம் வாங்கியது எதுவோ அதன் பின்னாலேயே பெயரும் ஆண்டும் போடச் சொல்லுவாள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் வாங்கினால் அடியில் பெயிண்டால் பெயர் எழுதி வைப்பதில்லையா, அவ்வளவுதான் மேடம் சைட்டேஷன் என்பாள். ஆவுடைத்தாய்க்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, கடைசியில் ஒரு வெறி வந்தது. மூன்று மாதம். நோட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆய்வேட்டிலிருந்து பிடுங்கினாள். தையல் பிரிக்கிற பொறுமையோடு, துணி கிழியாமல் பிடுங்கினாள். பிடுங்கின இடத்தில் தன்னுடைய கட்டைக் குட்டை வாக்கியங்களை வைத்தாள். யாரிடம் வாங்கியது என்று கணினியில் தேடித் தேடிப் பெயர் போட்டாள். எல்லாம் சரியாக வந்தது, நூற்று நாற்பத்தொன்பதாம் பக்கம் வரை. அந்த வாக்கியத்தைக் கணினியில் போட்டால் எதுவும் வரவில்லை. அச்சில் மட்டுமே வந்த பழைய புத்தகமாக இருந்தால் கணினிக்கு எப்படித் தெரியும்? நோட்டில் பார்க்கலாம் என்றால், நோட்டின் பின்பாதி மார்கழி வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு நின்ற தண்ணீரில் இரண்டு நாள் கிடந்து, மை கரைந்து, நீலக் கறையாகிவிட்டது. அந்த நீலத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். ஓர் எழுத்து தெரிவது போல இருக்கும், பிறகு கறையாகிவிடும். எடுத்துத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. எடுக்கலாம் என்று இருந்த சனிக்கிழமையில்தான் ஜெனிட்டா அந்த வாக்கியத்தின் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, வகுப்பு முழுவதும் கேட்க, "இதுதான் மேடம் நீங்க. இந்த ஒரு வரிக்குத்தான் நான் மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குனிவை இன்றுவரை நிமிர்த்த முடியவில்லை. பதினோரு வருடத்தில் இது நீ என்று ஒருவர் காட்டிய ஒரே இடம், அதுவும் நான் இல்லை என்றால்?

"மேடம்" என்றார் பிச்சையா. பன்னிரண்டு இருபது. அவர் குரலில் நல்லதா கெட்டதா என்று எதுவும் இல்லை. இருபது வருடமாக இந்த அறையில் உட்கார்ந்து பேராசிரியர்கள் மயங்குவதையும் கத்துவதையும் பார்த்துப் பார்த்து, அந்தக் குரலை அவர் துடைத்து வைத்திருந்தார். அவள் எழுந்து போய் மேசையருகே நின்றாள். திரையில் ஓர் எண் இருந்தது. ஆறு. அறுபதா என்று ஒரு கணம் உடம்பு கேட்டது. இல்லை, ஆறு. நூற்றுக்கு ஆறு. பிச்சையா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"போன வாரம் ஒரு சார்வாளுக்கு எழுபத்தொண்ணு வந்துச்சு. மீதி இருபத்தொம்பது எங்கெருந்து எடுத்தீங்கன்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டாரு."

அவள் சிரித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நூற்று நாற்பத்தொன்பதாம் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். அவர் உருட்டினார். செய்முறை அத்தியாயத்தில் சில வரிகள் மஞ்சளாக இருந்தன. அகப்பையின் கொள்ளளவு, சல்லடையின் கண் அளவு, உலகமே ஒரே மாதிரி எழுதுகிறவை. பிறகு வெள்ளை. வெள்ளை. நூற்று நாற்பத்தொன்பது, முழுதும் வெள்ளை. மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவ்வளவு ஆழம் இறங்கியது. முடிந்தது, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகலாம். காற்று, வேப்பமரம், ஒன்றரை மணிக்குப் பேருந்து, எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கையெழுத்துக்குப் பிச்சையா நீலப் பேனாவைத் தேடிய அந்தச் சிறு இடைவெளியில் அந்த முள் மறுபடியும் அசைந்தது. கண்டுபிடிக்கவில்லை என்றால் இல்லை என்று ஆகுமா? இயந்திரம் விட்டுவிட்டது, சரி. இனி இது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த சந்தேகம். யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிச்சையா பேனா கிடைக்காமல், முதலில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். நூலகத்துக் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லையாம், லாரி வந்து ஊற்றியது. டிரம்மில் அடியோடு அடியாகத்தான் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். அவர் விளிம்பில் வயிற்றை அழுத்தி, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டு, செம்பால் கோரினார். கோரியபடியே, "மதியத்துக்கு மேல வண்டி வரலேன்னா கஷ்டந்தான் மேடம்" என்றார். அந்தக் குரல் டிரம்மின் சுவரில் மோதி, பருத்து, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற குரலாக வெளியே வந்தது. ஆவுடைத்தாய் அசையாமல் நின்றாள். இந்தக் குரல். பிச்சையாவினுடையது இல்லை. இப்படிப் பருத்து, ஈரமாக, சிமெண்டு மணத்தோடு வந்த ஒரு பெண்ணின் குரல். ஆய்வுக்குப் போன ஒரு வியாழக்கிழமை அது. ஆமாம், வியாழக்கிழமை, தொட்டியில் நான்கு விரல் தண்ணீர். ஆவுடைத்தாய் தண்ணீர் மட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து குறிப்பேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரி தேங்காய் நாரால் தொட்டியின் உட்சுவரைத் தேய்க்க, பாதி உடம்பு உள்ளே, கால் இரண்டும் தரையில் எம்பி நிற்கின்றன. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற சுயம்புக்கனி. கையில் எந்நேரமும் ஐஸ் வெட்டிய தழும்பு இருக்கும். வெள்ளை அகப்பையைப் பார்க்கும்போதெல்லாம் பாயசம் ஊத்தவா டீச்சர் என்று கேலி செய்கிறவள். தொட்டிக்குள்ளிருந்து அவள் சொல்லுகிறாள்: "எதுக்கு டீச்சர் ஸ்கேலு வச்சு அளக்கீங்க. நான் எட்டிப் பாத்தே இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லிருவேன்." ஆவுடைத்தாய் சிரித்தாள், அன்றைக்கு. சிரித்துவிட்டு ஏழு சென்டிமீட்டர் என்று எழுதினாள். சொன்னதை எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. பிரேசில்காரர் சொன்னதை வெள்ளைத் தாளில் நீல மையில் சாய்வெழுத்தாக எழுதி வைத்தவள், காதுக்கு ஒரு முழத்தில் சொன்னதை எழுதவில்லை. காது அதை எழுதிக்கொண்டது. ஐந்து வருடம் வைத்திருந்தது. பிறகு ஒரு மாலையில் எண்களுக்கு நடுவே அவளுக்குத் தெரியாமல் ஆங்கிலத்தில் இறக்கி வைத்துவிட்டது. புத்தகத்தில் இல்லை. நோட்டின் நீலக் கறையிலும் இல்லை. இரவல்தான், ஆனால் யாரிடம் வாங்கியது என்று தெரிந்துவிட்டது. பெயர் தெரியும், வீட்டு எண் தெரியும், தொட்டியின் ஆழம்கூடத் தெரியும். தெரிந்துவிட்டது என்று அவள் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும். செம்போடு நிமிர்ந்த பிச்சையா என்ன மேடம் என்று கேட்டார்.

வராந்தாவுக்கு வந்து ஜெனிட்டாவைக் கூப்பிட்டாள். காற்று கைப்பேசிக்குள் புகுந்து இரைந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, ஆறு விழுக்காடு என்று முதலில் சொல்லாமல், அந்த வரி என்னுடையது இல்லை என்று முதலில் சொன்னாள். பிறகு முழுவதையும் சொன்னாள். வெள்ளம், நோட்டு, குனிந்த தலை, டிரம், தொட்டி, சுயம்புக்கனி. சொல்லச் சொல்ல வாக்கியங்கள் தாமாகவே சிறியவையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜெனிட்டா கேட்டு முடித்துவிட்டு, வீட்டு வாசலில் சொன்னதற்கும் ஒரு முறை இருக்கிறது என்றாள். நேரில் சொன்னது என்று குறிப்பிட்டு, சொன்னவர் பெயர், ஊர், மாதம், வருடம். அடிக்குறிப்பாக ஒரே வரி. பேரைப் போட அவர் சம்மதிக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

"அப்போ அன்னைக்கு நீ 'இதுதான் நீங்க'ன்னு சொன்னது?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய். மேடம் போட மறந்துவிட்டாள். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய 'நீ' வந்துவிட்டது.

"அதை அந்தம்மாகிட்ட சொல்லிருதேன் மிஸ்" என்று ஜெனிட்டா சிரித்தாள். "ஆனா நூத்திருபது வீடு போயிருக்கீங்க. வேற யாரு போனா?" என்றாள்.

அவள் உள்ளே போய், ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது என்றதற்கு, ஒரு வரிக்கு இந்த அறிக்கை மாறாது, நாளை மதியத்துக்குள் கொண்டுவாருங்கள், அப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் பிச்சையா. அவருடைய பேனா இன்னும் கிடைக்கவில்லை. ஒன்றரை மணிப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். மண்டைக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் பெயரோடு அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. வல்லநாடு தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காற்று அடங்கியிருந்தது. ஜெனிட்டா மச்சாது ஆறு மணித் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து, காபியை ஆறவிட்டு, கணிதத் துறைக்காரரின் புதிய முன்னுரையை இரண்டு முறை படித்தாள். ஓர் இடத்தில்கூடப் பென்சிலை எடுக்கவில்லை. பிச்சையா வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக நூலகத்தைத் திறந்து, மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். அருணாசல பாண்டியன் சார் நடைப்பயிற்சியில் இருந்தபடியே, கையெழுத்து வாங்கியாச்சா என்று ஆவுடைத்தாய்க்கு மூன்று முறை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. ஆறரை மணிக்கே அவள் கடலோரத்து வார்டில், குழாயடியில், குடங்களுக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஆங்கில வரியைப் படித்துக் காட்டி, தமிழில் சொல்லி, உங்கள் பெயரைப் போடலாமா அக்கா என்று கேட்டாள். சுயம்புக்கனி குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். நானா சொன்னேன், எனக்கு ஞாபகமே இல்லையே, நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கிடுங்க என்றாள். தகப்பனார் பெயர் சுடலைமுத்து, இனிஷியல் சு, அதை விட்டுராதீங்க என்றாள். பிறகு நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றி, வெறுங்குடத்தை டீச்சரிடம் கொடுத்து, வரிசை போயிராமப் பிடிச்சு வைங்க என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேன் வருவதற்குள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.